கற்பூரம் சுடாத கை

பால்குடம் தலையில் ஏறிய பிறகுதான் லீலாவதிக்கு உறைத்தது, காலையில் செய்த காரியம் சரியில்லை என்று.

பெரிய காரியம் ஒன்றுமில்லை. ராத்திரி படுக்கும்போது ஒன்று போடச் சொல்லி டாக்டர் கொடுத்த நரம்பு மாத்திரையை, காலையில் வெறும் வயிற்றில் இரண்டாகப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவளையும் குறை சொல்வதற்கில்லை. மார்பில் வந்த புற்றுநோய் போய்த் தொலைந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. அதை விரட்டுவதற்கு ஏற்றிய மருந்து கொடுத்த எரிச்சல் மட்டும் கையையும் காலையும் விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பாதம் இரண்டும் மிளகாய் அரைத்த அம்மி மாதிரி எந்நேரமும் காந்தும். கை அதற்கு நேர்மாறு. விரலிலிருந்து உள்ளங்கைவரை மரத்துக் கிடக்கும். ரவிக்கை ஊக்கு மாட்டுவதற்குள் பொழுது விடிந்து பொழுது போய்விடும். இந்த லட்சணத்தில் ஆடி வெள்ளிக்குப் பால்குடம் வேறு. கோலசிலாங்கூருக்கு உள்ளே இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில், ஆபீஸ் வாசலிலிருந்து மாரியம்மன் கோயில்வரை செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடக்க வேண்டும்.

ஒன்று போட்டால் ராத்திரி அடங்குகிறது, இரண்டு போட்டால் பால்குடம் முடிகிறவரை அடங்காதா? இதுதான் அவள் போட்ட கணக்கு. சின்ன வயதிலேயே அவளுக்குக் கணக்கு வராது.

கோயில் வாசலில் உறுமி மேளம் எகிறியது. சாம்பிராணிப் புகை கண்ணைக் கட்டியது. எதிரே ஒரு மாரியம்மன் இரண்டு மாரியம்மனாகத் தெரிந்தாள். லீலாவதி இடப்பக்கம் சாய்ந்தாள். நேராக நிற்கலாம் என்று பார்த்தால் வலப்பக்கம் சாய்ந்தாள்.

"ஏய், குடத்தப் புடிங்கலா! அக்கா ஆடுறாங்க!"

"அம்மா எறங்கிட்டா! தாயே!"

குடம் கைமாறியது. கையில் வேப்பிலை ஏறியது. யாரோ ஒரு புண்ணியவதி மஞ்சத்தண்ணியைப் பக்கெட்டோடு தூக்கி அவள் காலில் கவிழ்த்தாள். குழாயிலிருந்து அப்போதுதான் பிடித்த தண்ணீர். எரிகிற நரம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கரண்ட் கம்பியை மிதித்த மாதிரி இருக்கும் என்று அந்தப் புண்ணியவதிக்கு யார் சொல்வது?

"வேணாம்! வேணாம்! விட்டுருங்க!" என்று லீலாவதி அலறினாள்.

அலறிய நேரம்தான் கெட்ட நேரம். ஏனென்றால் அதே நொடியில் பக்கத்து வீட்டு லோகேஸ்வரன் தன் பெண்டாட்டி கங்காவை அவள் முன்னால் தள்ளி, "தாயே, இவளுக்கு மாருல கட்டி. வர்ற வியாழக்கெழம ஆபரேசன். கத்தி வைக்கலாமா?" என்று கேட்டு முடித்திருந்தான்.

கோயிலே கேட்டது அந்தப் பதிலை.

லீலாவதிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் கண் விழித்தபோது வீட்டில் இருந்தாள். புருஷன் தேவன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு கிளாசைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தாயே, தே ஓ ஆத்தி வச்சிருக்கேன். குடிக்கிறீங்களா?"

லீலாவதிக்கு முதல் அதிர்ச்சி இது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை "ஏய்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். பால் விடாத அந்தத் தே ஓவை அவனுக்கு ஆற்றத் தெரியும் என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னாங்க ஆச்சு ஒங்களுக்கு?"

"எனக்கு ஒன்னும் ஆவல தாயே. ஒங்களுக்குத்தான் ஆச்சு." அவன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். லோகேஸ்வரன் கேட்டதையும், இவள் சொன்ன பதிலையும் சொன்னான்.

லீலாவதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ராவாங்கில் தொழிற்சாலை ஆபீசில் வேலை செய்யும் மகள் பிரமிளாவுக்குப் போன் போட்டாள். அவள் அந்தப் பக்கம் கத்தியது தேவனுக்கே கேட்டது.

"மா, ஆர் யூ சீரியஸ்? ரெண்டு போட்டீங்களா? அதுவும் எம்ப்டி ஸ்டமக்ல? அது சாமி இல்லமா, சைட் எஃபெக்ட்! மொதல்ல போய் அந்த ஆன்ட்டிகிட்ட உண்மையச் சொல்லுங்க."

சொல்லிவிட்டால் போகிறது என்று மறுநாள் காலை லீலாவதி பக்கத்து வீட்டுக்குப் போனாள். கங்கா சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை வாரமாக அழுது வீங்கிய முகம், அன்று தெளிந்து கிடந்தது.

"கங்கா, நேத்து எனக்குச் சாமி வரல. மாத்திரைய மாத்திப் போட்டுட்டேன். தல சுத்துச்சு. நீ ஆபரேசனுக்குப் போ."

கங்கா சிரித்தாள். "அக்கா, நேத்து என்ன பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"ஒன்னும் ஞாபகம் இல்ல."

"பாத்தீங்களா! சாமி வந்தவங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கும்?"

"அடியே, மாத்திரை போட்டாலும் ஞாபகம் இருக்காதுடி! இந்தா பாரு, இதான் அந்த மாத்திரை."

கங்கா அட்டையை வாங்கிப் பார்த்தாள். பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மா எது வழியா வேணும்னாலும் வருவாக்கா. மாத்திரை வழியா வரக்கூடாதா?"

லீலாவதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிட்டேன்" என்றாள் கங்கா. "புதன்கெழம வரைக்கும் ஒங்க எடத்த வச்சிருப்போம், மனசு மாறுனா வாங்கன்னாங்க. நான் ஏன்க்கா மாறப்போறேன்? அம்மாவே சொல்லிட்டா."

அன்று முழுக்க லீலாவதிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவளும் கட்டியை மறைத்து மறைத்து வைத்து, பயந்து பயந்து நாளைக் கடத்தி, கடைசியில் போனபோது, "இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று டாக்டர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவள் பிழைத்தது அதிர்ஷ்டம். கங்காவைக் கையைப் பிடித்து ஸ்கேனுக்கு இழுத்துப் போனவளும் அவள்தான். இப்போது தன் வாயாலேயே அவளைக் குழியில் தள்ளியாகிவிட்டது. கங்காவுக்கு ஏதாவது ஒன்று ஆனால் அந்தப் பாவத்தை எந்தக் கடலில் போய்க் கழுவுவது?

இதற்கிடையில் கோயில் தலைவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிறப்புப் பூசை, லீலாவதி அம்மாவின் அருள்வாக்கு உண்டு என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிட்டார். தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு வேன், பத்தாங் காலியிலிருந்து இரண்டு கார் என்று ஆள் கிளம்பிவிட்டது.

"நல்லதாப் போச்சு" என்றாள் லீலாவதி தேவனிடம். "எல்லார் முன்னாடியும் நேரா நின்னு தெளிவாப் பேசிடுறேன். அதுக்குத் தல சுத்தக்கூடாது. அதனால மாத்திரையே போடப்போறதில்ல."

"தாயே சொன்னா சரிதான்" என்றான் தேவன்.

"தாயே, தாயேன்னீங்க, வாரியக்கட்ட பிஞ்சிரும்!"

"உக்கிரமா இருக்கா" என்று தேவன் தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

சனிக்கிழமை ராத்திரி மாத்திரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த எரிச்சல் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. ஊசி, தேள், கரண்ட் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பாதத்தில் குடித்தனம் வைத்தன. கோயில் சிமெண்டுத் தரையில் வெயில் காய்ந்து கிடந்தது. லீலாவதி ஒரு காலை வைத்தாள். "ஐயோ!" என்று தூக்கினாள். அடுத்த காலை வைத்தாள். "ஐயையோ!" என்று அதையும் தூக்கினாள்.

உறுமிக்காரர்கள் அவள் காலைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வெள்ளிக்கெழமையவிட இன்னிக்கு ஆட்டம் ஜோரு லா!" என்றார் தலைவர்.

"மேளத்த நிறுத்துங்க!" என்று லீலாவதி போட்ட சத்தத்தில் உறுமி நின்றது. அவள் மூச்சு வாங்கினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்குச் சாமியும் வரல, பூதமும் வரல. மாத்திரை போட்டா தல சுத்துது. போடலன்னா கால் எரியுது. அவ்வளவுதான். கங்கா ஆபரேசனுக்குப் போவணும்!"

ஒரு கிழவர் கையைக் கூப்பினார். "அம்மா நம்மளச் சோதிக்கிறா."

"சோதிக்கிறேனா?" லீலாவதிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "சரி, நீங்க என்னையச் சோதிச்சுப் பாருங்க. கற்பூரத்த ஏத்தி என் கையில வைங்க. சாமி இருந்தா சுடாதுல்ல? எனக்குச் சுடும். நான் கத்துவேன். அப்பவாச்சும் நம்புவீங்கல்ல?"

கூட்டம் சலசலத்தது. அந்தக் கோயிலில் அது பெரிய வார்த்தை. யாருக்கு வந்தது நிஜச் சாமி, யாருக்கு வந்தது கள்ளுச் சாமி என்று கண்டுபிடிக்க அங்கே கற்பூரம்தான் கோர்ட்டு. அந்தக் கோர்ட்டுக்கு நீதிபதி சாமியாடி செல்லையா. தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கிய பழைய மண்டோர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. வருஷா வருஷம் திருவிழாவில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவர் கோயிலைச் சுற்றி வருவார். இன்னொருவர் மேல் சாமி வந்தால் அவர்தான் கையில் கற்பூரம் வைப்பார். ஒருமுறை தண்ணி போட்டுவிட்டு ஆடிய லோரி டிரைவர் ஒருவன், கற்பூரம் வைத்ததும் கூச்சல் போட்டுக்கொண்டே மெயின் ரோடுவரை ஓடினான்.

செல்லையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். லீலாவதியை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். அவர் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தார்.

லீலாவதி கத்துவதற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

இப்போது சுடும் என்று பார்த்தாள். சுடவில்லை. இதோ சுடும் என்று பார்த்தாள். சுடவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. கற்பூரம் ஜெகஜோதியாக எரிந்தது. அப்போதுதான் அவளுக்குத் தலையில் இடி விழுந்தது. மரத்த கையை நீட்டியிருக்கிறாள்! எரிவது கால், மரத்தது கை. அட மண்டூகமே, காலையல்லவா நீட்டியிருக்க வேண்டும்!

தோல் கருகும் வாடை மூக்குக்கு வந்தது. வலி வரவில்லை. தன் உடம்பு தனக்குத் தெரியாமல் வேகிறதே என்று அவளுக்குக் குலை நடுங்கியது.

செல்லையா சட்டென்று தோளில் கிடந்த துண்டால் கற்பூரத்தைத் தட்டிவிட்டார். அவள் கையைப் பிடித்து, விரல் நுனியைத் தன் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் தீர்ப்பு சொல்லாமலே திரும்பிப் போய்விட்டார்.

"தாயே! மகமாயி!" என்று கூட்டம் தரையில் விழுந்தது. முதலில் விழுந்தவன் தேவன். இரண்டாவது கங்கா.

மறுநாள் காலை டாக்டர் நித்தியா அந்தக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். டவுன் கிளினிக்கில் இருக்கும் சின்னப் பெண். ஆனால் கோபம் வந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"ஆன்ட்டி! மரத்த கையால சுடுதண்ணி கூடத் தொடாதீங்க, ஆறிருக்கான்னு அங்கிளத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கன்னு சொன்னேனா இல்லியா? நீங்க நெருப்பையே வச்சிருக்கீங்க!"

"சுடும்னு நெனச்சேன் டாக்டர்."

"மொதல்ல ரெண்டு போட்டீங்க, அப்புறம் ஒன்னும் போடல. கேட்டீங்களா என்னை? இந்த மாத்திரைய இஷ்டத்துக்குக் கூட்டவும் கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது. எரிச்சல் அடங்கலன்னா வந்து சொல்லணும். கூட்டணுமா, வேற மாத்தணுமான்னு நான் பாப்பேன். இன்னிலேருந்து பழையபடி ராத்திரி ஒன்னு. புரிஞ்சதா?"

"புரிஞ்சது. என்னைய விடுங்க டாக்டர். கங்காகிட்டப் பேசுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா."

டாக்டர் அங்கிருந்தே கங்காவுக்குப் போன் போட்டுப் பேசினாள். நரம்பு என்றால் என்ன, மரத்துப்போனால் ஏன் சுடாது, கட்டியை விட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து கங்காவின் குரல் வந்தது.

"டாக்டர், நீங்க படிச்சவங்க. ஆனா அக்கா கையில கற்பூரம் எரிஞ்சத நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

போன் வைக்கப்பட்டது. டாக்டர் நித்தியா லீலாவதியைப் பார்த்தாள். லீலாவதி கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னாலும் சாமி, பொய்யென்று நிரூபித்தாலும் சாமி. இனி என்ன செய்வது?

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது பயங்கரமான வழி. சாமியை மறுக்கச் சாமியால்தான் முடியும்.

செல்லையா தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். லீலாவதி அவர் முன்னால் போய் நின்றாள். நாற்காலியில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் கோயில்ல பொய்யா ஆடிட்டேன். வேணும்னு இல்ல. நரம்பு மாத்திரை. என் கை மரத்த கை, ஐயா, அதான் கற்பூரம் சுடல. நீங்க எனக்கு என்ன தண்டன குடுத்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா கங்கா பாவம். நான் பொழச்சுக் கெடக்கேன், என்னால அவ சாவக்கூடாது. நீங்க சொன்னாதான் கேப்பா. ஒங்க மேல வர்றதுதான் நெஜமான சாமி. அம்மாகிட்டச் சொல்லி அவள அனுப்பிவைங்கய்யா."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். செல்லையா அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"போ" என்றார்.

அந்தப் "போ" கங்காவுக்கா தனக்கா என்று தெரியாமலே லீலாவதி வீட்டுக்கு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலப் பூசையில் செல்லையாவுக்குச் சாமி வந்தது. அப்படி ஓர் ஆட்டத்தை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை. கால் தரையில் நிற்கவில்லை. கற்பூரத்தை உள்ளங்கையில் குவித்துக் கொளுத்திக்கொண்டு கங்காவின் முன்னால் வந்து நின்றார். நெருப்பு முழுசாக அடங்குகிறவரை கையை இறக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"வெள்ளிக்கெழம வந்தவ யாரு?" என்று உறுமினார்.

"நீதான் தாயே!" என்றது கூட்டம்.

"ஞாயித்துக்கெழம வந்தவ யாரு?"

"நீதான் தாயே!"

"கத்தி வேணாம்னா சொன்னேன்? பயம் வேணாம்னு சொன்னேன்டி! விட்டுருன்னு சொன்னது ஒன் பயத்த! எங்கிட்டப் பேச்சு கேக்க வந்துட்டு, பாதியக் கேட்டுட்டு ஓடுறியா? ஆபரேசன் ரூமுக்கு நான் முன்னாடியே போய் ஒக்காந்திருக்கேன். நீ வரலன்னா அங்க நான் யாருக்குக் காவல் இருக்கிறது?"

கங்கா ஓவென்று அழுது அவர் காலில் விழுந்தாள். லோகேஸ்வரன் பூசை முடியும்வரைகூட நிற்கவில்லை. வேனுக்கு எண்ணெய் அடிக்க ஓடினான்.

வியாழக்கிழமை முழுவதும் லீலாவதி போனை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் லோகேஸ்வரன் கூப்பிட்டான். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள், நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார், கங்கா கண்ணைத் திறந்து முதலில் தண்ணீர் கேட்டாள் என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. லீலாவதி போனைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதாள். தேவன் ஓடிவந்து, "ஏய், என்னாச்சு? எதுக்கு அழுவுற?" என்றான். அந்த "ஏய்" அவள் காதில் தேனாகப் பாய்ந்தது.

அழுகை அடங்கியதும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு நேராகச் செல்லையா வீட்டுக்குப் போனாள். பழத்தைக் கீழே வைத்து, நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தாள்.

"ஐயா, கங்கா பொழச்சிட்டா. என் கையில எரிஞ்சது வெறும் கற்பூரம். ஒங்க கையில நின்னது சத்தியமா ஆத்தாதான்!"

செல்லையா எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார். லயத்தில் யாருமில்லை என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார். பிறகு மெல்லக் குனிந்தார்.

"எந்திரிம்மா, சர்க்கரையில எனக்கும் ரெண்டு கையும் மரத்து வருசக்கணக்காச்சு, நான் ஆடுறதே கால் எரிச்சல் தாங்காமத்தான், அந்த டாக்டர் பொண்ணுகிட்ட என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போறியா?"